மணற்காட்டுக்கு ஒரு வாளி சாணத்துடன்

இரண்டு வருடங்களுக்கு முன் இதே வலைப்பதிவில், மணற்காட்டு மணல்மேட்டில் ஒரு வண்டைக் கண்டுபிடித்தேன் என்று படத்தோடு எழுதியிருந்தேன். பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும். புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணற்காடு யாழ்ப்பாணத்தில், வடமராட்சி கிழக்கில் கடலோரமாக இருக்கும் ஊர். ஊருக்கும் கடலுக்கும் இடையில் வீட்டு உயரத்துக்கு மணல் குவிந்து கிடக்கும். பகலில் அந்த மணலுக்குள் புதைந்திருந்து, இருட்டினபின் வெளியே வருகிற சிறிய வண்டு ஒன்று அங்கே இருக்கிறது, சாணி உருட்டும் வண்டுக்கு அது சொந்தம், சாணம் வைத்த பொறியில் அதை நான் பிடித்தேன் என்பதுதான் அந்தப் பதிவு.

அதற்குக் கீழே பெயர் போடாத ஒருவர், தான் கொழும்பில் இருப்பதாகச் சொல்லி, ஒரு பின்னூட்டம் எழுதினார். படத்தில் இருப்பது மாட்டுக் கொட்டில்களில் சாதாரணமாகக் காணப்படும் வண்டு, மணல்மேட்டில் அது வாழ வாய்ப்புக் குறைவு, பொறிக்கு வைத்த சாணத்தை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டிருந்தார். மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. நான் வலிகாமத்தில் பதினோரு வருடமாக உயிரியல் படிப்பிக்கிறேன். என்னிடம் வந்து சாணம் எங்கே எடுத்தாய் என்று கேட்கிறாராம். காரமாக ஒரு பதில் போட்டேன். வாசகர்களும் விடவில்லை. கொழும்பில் ஏசிக்குக் கீழே இருந்துகொண்டு எங்கள் மணலைப் பற்றி எங்களுக்கே சொல்ல வந்துவிட்டார் என்று முப்பது பேருக்கு மேல் அவரை வாரினார்கள். கடைசியில் நான் அவருடைய பின்னூட்டத்தை அழித்துவிட்டேன். வாரினவர்களுடையதை அழிக்கவில்லை.

அந்த வண்டுகளைக் குப்பியில் போட்டு மேசையின் இழுப்பு லாச்சிக்குள் வைத்திருந்தேன். எறும்பு புகுந்து தின்றுவிட்டது. மிஞ்சியது ஒரே ஒரு மங்கல் படம். அதைக் காட்டித்தான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் பாடம் எடுக்கிறேன். காட்டும் ஒவ்வொரு தடவையும் அந்த மனிதரின் கேள்வி தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கும். ஆகவே இந்த முறை மறுபேச்சுக்கு இடமில்லாத படம் ஒன்று எடுத்து அவருடைய வாயை அடைப்பது என்று முடிவு கட்டினேன். முதல் மழை விழுந்து நான்காம் நாள், ஒரு சனிக்கிழமை வெளிக்கிட்டேன். பயணத்தின் நோக்கம் இவ்வளவுதான், இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

காலையில் எங்கள் கொட்டிலில் புதுச் சாணம் அள்ளி, பழைய பெயின்ற் வாளி ஒன்றில் போட்டு, மூடியை அமத்தி, சைக்கிள் ரியூப்பால் இறுக்கிக் கட்டினேன். போன முறையும் இதே மாதிரித்தான் கொண்டுபோனேன். வலிகாமத்துத் தோட்டக்காரக் குடும்பத்தில் பிறந்தவளுக்குச் சாணம் என்றால் வீட்டுச் சாணம்தான். வேறு இடத்தில் எடுக்கலாம் என்ற எண்ணமே வராது. எங்கள் வெங்காயத்துக்கும் அதுதான், முற்றத்துக்கும் அதுதான், ஆராய்ச்சிக்கும் அதுதான்.

சுன்னாகத்தில் பதினொன்று பத்துக்கு யாழ்ப்பாணம் போகும் பஸ் எடுத்தேன். பத்துக் கிலோமீற்றர், எழுபது ரூபா. வாளிக்குள் என்ன என்று கொண்டக்ரர் கேட்டார். உரம் என்றேன், அது பொய்யும் இல்லை. யாழ்ப்பாணத்தில் சோறு சாப்பிட்டுவிட்டு, ஒன்று நாற்பதுக்கு நெல்லியடி வழியாகப் பருத்தித்துறை போகும் பஸ்ஸில் ஏறினேன். நெல்லியடிக்கு நூற்றைம்பது ரூபா எடுத்தார்கள். வாளியைக் காலுக்கு இடையில் வைத்துக்கொண்டு யன்னலோரம் இருந்தேன். பக்கத்து இருக்கைப் பெண் புத்தூர் தாண்டியதும் எழும்பி முன்னால் போய் நின்றுகொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

நெல்லியடியில் இருந்து மணற்காட்டுக்கு நேர் பஸ் குறைவு, நேரமும் நம்ப முடியாது. ஓட்டோதான் வசதி. உடுப்பிட்டிக்காரர் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், போகவும் இரவு வந்து திருப்பி ஏற்றவுமாக மூவாயிரம் கேட்டார். இரண்டாயிரத்து எண்ணூறுக்கு இறங்கினார். போகும் வழி பன்னிரண்டு கிலோமீற்றர், முப்பத்தைந்து நிமிடம். குடத்தனை தாண்டியதும் தார் றோட்டின் ஓரத்தில் மணல் ஏறத் தொடங்கிவிடும், மோட்டார்சைக்கிளில் போகிறவர்கள் கவனம்.

வழி நெடுக அவருக்கு என் கதையைச் சொன்னேன். கேட்பவர் கிடைத்தால் விடுகிற ஆள் நான் இல்லை. அவரும் உடனே என் பக்கம் சேர்ந்துவிட்டார். கொழும்பிலே இருக்கிறவைக்கு மணலும் ஒன்றுதான் சீனியும் ஒன்றுதான் என்றார். பொறிக்குள் விழும் வண்டைத் தனக்கும் காட்ட வேண்டும் என்றார். எட்டரைக்கு வரச் சொல்லி அனுப்பினேன். அந்த நேரத்தில் எனக்கு இருந்த உற்சாகத்தை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

மணற்காட்டில் நான் இறங்குகிற வீடு றீற்றா அக்காவுடையது. கருவாடு போடுகிறவர். போன முறை வழி தெரியாமல் நின்றபோது கூப்பிட்டுத் தண்ணீர் தந்து, என் பையையும் வைத்துக்கொண்டவர். இந்த முறை முன்பே தொலைபேசியில் சொல்லியிருந்தேன். நான் போனபோது மணி மூன்று இருபது. பால் விடாத பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் தந்தார். மழை விழுந்ததால் கருவாடு காயவில்லை என்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்.

என் பொறி சிக்கலானதில்லை. ஒரு பிளாஸ்ரிக் கோப்பையை விளிம்பு நிலத்தோடு மட்டமாக வரும்படி மணலில் புதைக்க வேண்டும். சாணத்தை மெல்லிய சீலைத் துண்டில் கட்டிக் கோப்பைக்கு மேலே குச்சியில் தொங்கவிட வேண்டும். மணத்துக்கு வருகிற வண்டு கோப்பைக்குள் விழும். நாலரைக்கு றீற்றா அக்காவின் முற்றத்தில் ஒரு வெள்ளைச் சாரத் துணியை விரித்து, சாணத்தைப் பொட்டலம் கட்டலாம் என்று வாளியின் மூடியைக் கழற்றினேன்.

மூடியின் உட்பக்கத்தில் ஐந்து வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. கிட்டத்தட்டக் கறுப்பான கடுங்கபில நிறம், மினுமினுப்பு, தலையில் இரண்டு சின்னப் புடைப்பு. ஒன்று சாரத்தில் விழுந்து, தலைகீழாகக் கிடந்து காலை உதைத்தது.

நான் அப்போதும் விளங்கிக்கொள்ளவில்லை, அதுதான் வெட்கம். அட, வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். மணல்மேட்டுக்குப் போக முதலே முற்றத்தில் வந்து விழுகிறது, அவ்வளவு மலிந்து கிடக்கிறது என்று ஒரு கணம் நினைத்தேன். தொலைபேசியை எடுத்துப் பழைய படத்தைப் பெரிதாக்கி றீற்றா அக்காவிடம் காட்டி, இதுதான் அது, சரிதானே என்று கேட்டேன். அவர் படத்தைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், வாளிக்குள்ளும் எட்டிப் பார்த்தார்.

"ரீச்சர், உது நீங்கள் கொண்டுவந்த சாணத்துக்குள்ளை இருந்தெல்லோ வருது," என்றார். "எங்கடை மணலிலை உப்பிடிக் கறுப்பா ஒண்டையும் நான் காணேல்லை."

வழியில் எங்கேயோ ஏறியிருக்கும் என்றேன். சொல்லி முடிக்க முதலே அது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் கட்டிய ரியூப்பை இப்போதுதான் அவிழ்த்திருக்கிறேன். ஒரு குச்சியால் சாணத்தைக் கிண்டினேன். உள்ளே இன்னும் இருந்தன. போன முறையும் இதே கொட்டில், இதே மாடு, இதே கட்டு. சீலைக்குள் இருந்து நெளிந்து வெளியே வந்து நேரே கீழே இருந்த கோப்பைக்குள் விழுந்திருக்கின்றன. நாற்பது கிலோமீற்றருக்கு மேல் சுமந்துகொண்டுபோய், மணலில் புதைத்த கோப்பையில் விழுத்தி, விடியக் காலையில் நானே போய்ப் பொறுக்கியெடுத்து, கண்டுபிடித்தேன் என்று உலகத்துக்கு அறிவித்திருக்கிறேன். சாணம் எங்கே எடுத்தீர்கள் என்று அந்த மனிதர் கேட்டது நக்கல் இல்லை. ஒரு ஆள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான்.

முற்றத்தில் அப்படியே குந்திவிட்டேன். அழுகை வரவில்லை, என்னை நானே நாலு அறை அறையலாம் என்று இருந்தது. பிறகு இன்னொரு யோசனையும் வந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஓட்டோ அண்ணைக்கு அழைத்து இப்போதே வரச் சொல்லலாம். மழை, படம் எடுக்க முடியவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். றீற்றா அக்கா வலைப்பதிவு வாசிப்பதில்லை. வேறு ஒருவருக்கும் தெரிய வராது. தொலைபேசியைக் கையில் எடுத்து அவருடைய இலக்கம் வரைக்கும் போனேன்.

அழைக்கவில்லை. ஏன் என்று கேட்டால் பெரிய நியாயம் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை வகுப்பில் போய் நிற்க வேண்டும். வண்டு என்ற சொல் பாடத்தில் வரும்போதெல்லாம் நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிவரும். அது என்னால் முடியாது என்று தெரிந்தது. சாரத்தில் திரிந்த வண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கி வாளிக்குள் போட்டு, மூடியை அமத்தி, ரியூப்பால் முன்னையதைவிட இறுக்கிக் கட்டினேன். வெளியூர் வண்டை அந்த மணலில் விடுவதும் பிழைதானே, அதையும் ஒரு தடவை செய்திருக்கிறேன். பிறகு றீற்றா அக்காவிடம் கேட்டேன், கறுப்பாக இல்லை என்றால் அங்கே இருப்பது என்ன நிறம் என்று.

அவர் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. விடியக் காலையில் சவுக்கங்காட்டுக்கு விறகு பொறுக்கப் போகும்போது மணலில் நூல் இழுத்த மாதிரி ஒரு தடம் கிடக்கும், முயல் புழுக்கை கிடக்கிற இடமாகப் பார்த்துப் போகும், தோண்டினால் மணல் நிறத்தில் ஒரு பூச்சி இருக்கும் என்றார். பேர் என்ன என்று கேட்டேன். பேர் வைக்கிற அளவுக்கு அது ஒன்றும் பெரிய ஆள் இல்லை என்றார். எத்தனை மணிக்கு வரும் என்றதற்குப் பொழுதுபட்ட கையோடு வரும், நல்லாக இருட்டினால் காணக் கிடைக்காது என்றார். போன முறை நான் இரவு ஒன்பது மணிக்கு ரோச்சும் கையுமாக அலைந்தேன். அப்போது இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தேன், பையை வைத்தேன், போய்விட்டேன்.

ஐந்து இருபத்தைந்துக்கு இரண்டு பேருமாக வெளிக்கிட்டோம். தனக்குச் சோலி இருக்கிறது என்று முதலில் சொன்னவர், பிறகு நான் விழுந்து கிழுந்து போவேன் என்று கூடவே வந்தார். சவுக்கங்காட்டு ஓரமாக, மணலில் பாதி புதைந்து கிடக்கும் பழைய கோயிலைத் தாண்டி, மேட்டின் கடல் பார்த்த பக்கத்துக்கு ஒரு கிலோமீற்றருக்கு மேலே நடை. மணலில் அது இரண்டு கிலோமீற்றருக்குச் சமம். மேலே விரல் கனத்துக்கு மணல் காய்ந்திருந்தது, அதற்குக் கீழே ஈரம். காற்று இல்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம்.

ரோச்சுக்கு மேலே சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டியிருந்தேன். சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சிகள் அவ்வளவாக மிரளாது. முதலாவது புழுக்கைக் குவியலில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் எறும்பு. மூன்றாவதில் புழுக்கை மழையில் ஊறிக் கரைந்திருந்தது. ஆறு பதினைந்து ஆகிவிட்டது, வானத்தில் மேற்குப் பக்கம் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. இன்றைக்கும் வெறுங்கையோடு போனாலும் போவேனே தவிர, இந்த அரை மணித்தியாலத்தை விடமாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நாலாவது குவியலுக்குப் பக்கத்தில் வயிறு மணலில் படப் படுத்தேன்.

ஆறு இருபத்தெட்டுக்கு, முகத்தில் இருந்து ஒரு முழம் தள்ளி, மணல் அசைந்தது. முதலில் நண்டுக்குஞ்சு என்று நினைத்தேன். மல்லி விதை அளவில் ஒன்று மேலே வந்தது. வெளிறின மண்ணிறம், உடம்பின் ஓரமெல்லாம் மயிர், பின்கால் அகலமாக. வெளியே வந்து ஒரு கணம் நின்றது. மணலோடு மணலாக இருந்தது, அசையாவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. பிறகு விறுவிறென்று புழுக்கையை நோக்கிப் போனது, பின்னால் றீற்றா அக்கா சொன்ன அதே நூல் தடம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கமராவை அமத்தினேன். பதினொரு படம். அது ஒரு புழுக்கையைக் கட்டிப்பிடித்தபடி மணலுக்குள் இறங்கிவிட்டது, நாலு செக்கன்கூட எடுக்கவில்லை.

ஏழு மணிக்குள் இன்னும் இரண்டைக் கண்டோம். அதன்பிறகு ஒன்றும் இல்லை. மொத்தப் படங்களில் இரண்டுதான் தெளிவு, ஆனால் அந்த இரண்டிலும் கால், தலை, முதுகு எல்லாம் தெரிகிறது, பின்னால் மணலும் தெரிகிறது. சந்தோஷத்தில் அந்த இரண்டையும் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன். றீற்றா அக்கா பக்கத்தில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இந்தச் சின்னப் பூச்சிக்கா இந்தப் பாடு, இதுக்கு ஒரு இறால் பிடிச்சிருந்தால் கறியாவது வைச்சிருக்கலாம் என்றார். ஒன்றையும் பிடித்துக்கொண்டு வரவில்லை. போன முறை யாரையும் கேட்காமல் குப்பியில் அடைத்துக் கொண்டுவந்தேன், அது முறையில்லை.

எட்டரைக்கு ஓட்டோ அண்ணை வந்தார். வந்ததும் வராததுமாக, அந்தாளுக்குக் காட்ட வண்டு கிடைத்ததா என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். மூடியில் தொடங்கி எல்லாம் சொன்னேன். அவர் குடத்தனைச் சந்தியில் ஓட்டோவை மெதுவாக்கிக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். வாளி பின்னால் உருண்டுகொண்டிருந்தது.

"அப்ப அந்த மனுசன் சொன்னது சரி எண்டு எழுதுவியளோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை, எழுதத்தானே வேணும்," என்றேன்.

"எல்லாரும் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும்."

இரவு உடுப்பிட்டியில் சித்தி மகள் வீட்டில் தங்கிவிட்டு, ஞாயிறு காலை பஸ்ஸில் ஊர் திரும்பினேன். சாணம் கொட்டிலுக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்தது, ஒரு நாள் சுற்றுலா போய் வந்த திருப்தியோடு.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். முதல் மழை விழுந்து மூன்று, நாலு நாளில் போங்கள், அடைமழை தொடங்கினால் மணல்மேட்டில் வேலை இல்லை. பொழுதுபடுவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன்பே இடத்தில் இருக்க வேண்டும், இருட்டி ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு நின்று பயனில்லை. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் கொண்டுபோங்கள், மேட்டுக்குப் பின்னால் தொலைபேசிச் சமிக்ஞை விட்டுவிட்டுத்தான் வரும். திரும்பிவர வாகனத்தை முன்பே பேசிவையுங்கள், இரவில் வழியில் ஒன்றும் கிடைக்காது. சவுக்கங்காட்டுக்குள் தனியாகப் போகாதீர்கள். படம் எடுங்கள், பூச்சியைப் பிடிக்காதீர்கள். பிடிக்கத்தான் வேண்டும் என்றால் உரிய இடத்தில் அனுமதி எடுங்கள். பொறி வைப்பதென்றால் அந்த இடத்திலேயே கிடக்கிற புழுக்கையை வையுங்கள், வீட்டில் இருந்து எதையும் கட்டிக்கொண்டு போகாதீர்கள். எல்லாவற்றுக்கும் முதல், அந்த ஊரில் விறகு பொறுக்குகிற ஒருவரிடம் கேளுங்கள். எனக்கு இரண்டு வருடமும் இரண்டு பயணமும் எடுத்தது, அவருக்குப் பதில் சொல்ல ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம் போதுமாக இருந்தது.

அந்த வெளிறின வண்டு என்ன இனம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தமாதிரி எழுதப் போவதும் இல்லை. தெளிவான இரண்டு படங்களையும் கீழே போட்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பழைய பதிவை அழிக்கவில்லை. அதன் மேலே, இது பிழை, படத்தில் இருப்பது எங்கள் கொட்டில் வண்டு என்று எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை வகுப்பிலும் இதையே சொன்னேன். சிரித்தார்கள், ஓட்டோ அண்ணை சொன்னது சரி.

மிச்சம் இருப்பது ஒன்று. கொழும்பில் இருந்து எழுதிய ஐயா, அல்லது அம்மா, நீங்கள் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. தேடிப் பார்த்தேன், அழித்த பின்னூட்டத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை என்கிறார்கள். உங்களை வாரின முப்பது பேருடைய எழுத்து அங்கே இருக்கிறது, உங்களுடையது மட்டும் இல்லை. இன்றைக்கு அதை வாசிக்கிற ஒருவருக்கு, நீங்கள் என்ன கேட்டீர்கள் என்றே தெரியாது, ஏதோ கெட்ட வார்த்தை சொன்னீர்கள் என்றுதான் நினைப்பார். அதைச் செய்தது நான்தான். மன்னித்துக்கொள்ளுங்கள். இதை நீங்கள் வாசிக்க நேர்ந்தால், அந்தக் கேள்வியை அதே இடத்தில் இன்னொரு தடவை எழுதுங்கள். பதிலை நான் எழுதி வைத்திருக்கிறேன்.